காரோ-கானா, சிசிலியனா?

சதுரங்கப் பலகையில் வெள்ளை 1. இ4 (ராஜாவின் முன் சிப்பாய் இரண்டு கட்டம்) ஆடிக் கடிகாரத்தை அழுத்தியாகிவிட்டது. கறுப்பு ஆடுபவரின் கை சி-சிப்பாயிடம் போகிறது. அதை ஒரு கட்டம் தள்ளினால் காரோ-கான், இரண்டு கட்டம் தள்ளினால் சிசிலியன். இரண்டும் ஓப்பனிங்குகள், அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் நகர்வு வரிசைகள். ஒரே சிப்பாய், ஒரே ஒரு கட்ட வித்தியாசம். அடுத்த முப்பது நகர்வு எப்படி இருக்கும் என்பது அங்கேயே பாதி முடிவாகிவிடுகிறது.

இரண்டில் எது மேல் என்ற வாக்குவாதத்துக்கு உலக சாம்பியன்களின் பெயர்களை இழுத்துப் பயனில்லை. ஃபிஷரும் காஸ்பரோவும் சிசிலியனை வைத்து வாழ்ந்தவர்கள். கபாபிளாங்காவும் பெட்ரோசியனும் கார்போவும் காரோ-கானை நம்பியவர்கள். கார்ல்சன் இரண்டையும் ஆடியிருக்கிறார்: 2013இல் ஆனந்துடன் நடந்த உலக சாம்பியன்ஷிப்பின் இரண்டாவது ஆட்டத்தில் காரோ-கான், 25 நகர்வில் டிரா, 2018இல் கருவானாவுடன் ஆடியபோது கறுப்புக் காய்கள் கிடைத்த ஆறு ஆட்டங்களிலும் சிசிலியன். அந்த உயரத்தில் இரண்டுமே தாங்கும். நம் உயரத்தில் எது தாங்கும் என்பதுதான் கேள்வி. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் பெரிய தவறை எதிராளியிடம் தள்ளிவிடுகிற ஓப்பனிங்தான் உங்களுக்கு நல்ல ஓப்பனிங். அது மட்டத்துக்கு மட்டம் மாறும்.

சரி, சதவிகிதங்களைப் பார்த்தால் தெரிந்துவிடாதா? லிசெஸ் என்ற இணையச் சதுரங்கத் தளத்தில் ரேட்டிங் (ஆட்டத்திறன் புள்ளி) வாரியாகவும் நேரக் கட்டுப்பாடு வாரியாகவும் பிரித்து, ஒவ்வொரு நகர்வுக்கும் வெற்றி, டிரா, தோல்வி எத்தனை என்று பார்க்கலாம். மாஸ்டர்கள் ஆட்டங்கள் தனித் தொகுப்பாகவே இருக்கின்றன. மணிக்கணக்கில் பார்க்கத் தூண்டும் விஷயம்தான். ஆனால் அந்த எண்களில் இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, இணையத்தில் உங்களுக்குச் சமமான ரேட்டிங் உள்ளவரோடுதான் ஜோடி சேர்க்கிறார்கள். உங்கள் ஓப்பனிங்கில் இருக்கும் பலவீனம் ஏற்கெனவே உங்கள் ரேட்டிங்கில் கழிந்துபோயிருக்கும். அதனால் எந்த ஓப்பனிங்கை எடுத்தாலும் முடிவு பாதிக்குப் பாதிக்கு அருகிலேயே வந்து நிற்கும். இரண்டாவது, யார் எதைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது. 1000 ரேட்டிங்கில் காரோ-கான் ஆடுபவர் பெரும்பாலும் யாரிடமோ கேட்டு, கொஞ்சமாவது படித்துவிட்டு வருபவர். சிசிலியனில் அப்படிப் படித்தவரும் இருப்பார், சும்மா சி5 தள்ளிப் பார்ப்பவரும் இருப்பார். இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டுவிட்டு ஓப்பனிங்கை ஒப்பிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். ஆக, சதவிகிதத்தைவிட, ஆட்டம் எந்த நகர்வில் கைமீறிப் போகிறது என்று பார்ப்பதே எனக்கு உபயோகமாக இருந்திருக்கிறது.

ஆரம்ப மட்டம்: படித்தது பலகையில் வருகிறதா?

சிசிலியன் படிக்கத் தொடங்கும் எல்லோரும் அதன் கிளைகளான நஜ்தோர்ஃபிலோ டிராகனிலோதான் தொடங்குகிறார்கள். 1. இ4 சி5 2. குதிரை எஃப்3 டி6 3. டி4 சிப்பாயை வெட்டி, குதிரை திரும்ப வெட்டி, கறுப்புக் குதிரை எஃப்6க்கு வந்து, 5. குதிரை சி3 ஏ6. அதுதான் நஜ்தோர்ஃப். நானும் அதைத்தான் படித்தேன், சில மாதங்கள், ராத்திரி ராத்திரியாக. பலகையில் அது வரவே மாட்டேன் என்றது. ஏனென்றால் மூன்றாவது நகர்வில் வெள்ளை டி4 ஆடினால்தான் அது வரும், 1000, 1200 மட்டத்தில் பலர் அதை ஆடுவதே இல்லை. இரண்டாவது நகர்விலேயே பிஷப்பை சி4இல் வைத்து எஃப்7ஐக் குறிபார்ப்பார்கள். இல்லையென்றால் 2. சி3 அலாபின், 2. டி4 தள்ளி அப்புறம் சி3 என்று சிப்பாயைத் தூக்கிக் கொடுக்கும் ஸ்மித்-மோரா, குதிரை சி3க்குப் பிறகு எஃப்4 தள்ளும் கிராண்ட் பிரீ. ஒவ்வொன்றுக்கும் தனிப் பதில் வேண்டும், ஒவ்வொரு பதிலுக்கும் அமைப்பே வேறு.

2. பிஷப் சி4க்கு எளிய, நல்ல பதில் 2...இ6 (மூன்று புள்ளி என்றால் கறுப்பின் நகர்வு). பிஷப்பின் குறி மழுங்கிவிடும், அடுத்து டி5 தள்ளி அதையே விரட்டலாம். இது தெரிந்தவருக்கு அந்த பிஷப் ஒரு பரிசு. தெரியாமல் டி6, ஜி6 என்று மனப்பாட வரிசையில் போகிறவருக்கு, ராணி எஃப்3க்கு வந்து நின்றதும் வேர்க்கும். மோரா இன்னும் கொடுமை. ஒரு சிப்பாய் லாபம் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கும்போதே வெள்ளையின் காய்கள் எல்லாம் வெளியே வந்திருக்கும், டி-வரிசையில் யானை (ரூக்) உங்கள் ராணியை முறைத்துக்கொண்டிருக்கும்.

இந்த மட்டத்தில் காரோ-கானின் பலம் இதுதான்: வெள்ளை என்ன ஆடினாலும் 2...டி5 வரும். 1. இ4 சி6 2. டி4 டி5க்குப் பிறகு வெள்ளைக்கு மூன்றே பெரிய கேள்விகள். தள்ளுவதா (3. இ5), வெட்டுவதா (3. இஎக்ஸ்டி5, எக்ஸ் என்றால் வெட்டு), காப்பதா (3. குதிரை சி3). 2. டி4க்குப் பதிலாக வேறு ஏதோ ஆடினாலும் டி5 டி5தான். எதிராளி புத்தகம் படித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை, நீங்கள் படித்த அமைப்பு வந்துவிடும்.

தள்ளும் வழியைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் கீழ் மட்டத்தில் அதிகம் சந்திக்கப்போவது அதைத்தான். 3. இ5 பிஷப் எஃப்5. 1. இ4க்கு இ6 என்று பதில் சொல்லும் பிரெஞ்சு தற்காப்பில் சிப்பாய்களுக்குப் பின்னால் அடைபட்டுக் கிடக்கும் அதே பிஷப், இங்கே இ6 தள்ளும் முன்பே வெளியே வந்துவிட்டது. உடனே 4. பிஷப் டி3 வைத்து மாற்றிக்கொள்ளப் பார்ப்பவர்கள் ஏராளம். தாராளமாக மாற்றுங்கள். 4...பிஷப் வெட்டும், 5. ராணி வெட்டும், அப்புறம் இ6: பிரெஞ்சின் உறுதி உங்களிடம் இருக்கிறது, பிரெஞ்சின் தலைவலியான பிஷப் பலகையிலேயே இல்லை. 1927 நியூயார்க் போட்டியில் நிம்சோவிச் இப்படித்தான் மாற்றினார், கறுப்பில் இருந்த கபாபிளாங்கா அந்த ஆட்டத்தை நிதானமாக இறுக்கி ஜெயித்தார்.

ஆனால் 4. எச்4 வந்தால் உஷார். வெறும் ஓரச் சிப்பாய்தானே என்று வழக்கம்போல 4...இ6 தள்ளினால் பிஷப் போச்சு. 5. ஜி4 பிஷப் இ4 6. எஃப்3 பிஷப் ஜி6 7. எச்5. ஓட இடமில்லை. 4...எச்5 அல்லது 4...எச்6 ஆடி பிஷப்புக்கு மூச்சுவிட இடம் வைக்க வேண்டும். காப்பு வழியிலும் இதே கதைதான்: 3. குதிரை சி3 டிஎக்ஸ்இ4 4. குதிரை வெட்டும், பிஷப் எஃப்5 5. குதிரை ஜி3 பிஷப் ஜி6 6. எச்4, உடனே எச்6. ஒரு பாடம் படித்தால் இரண்டு இடத்தில் உதவுகிறது. சிசிலியனில் அப்படி ஒரு வழியில் படித்தது இன்னொரு வழிக்கு ஒத்துவருவது அபூர்வம்.

காரோ-கானில் பொறியே இல்லை என்று சொல்லவில்லை. மேலே சொன்ன காப்பு வழியில் நான்காவது நகர்வாக பிஷப்புக்குப் பதில் குதிரையை டி7க்குக் கொண்டுவருவதும் நல்ல வழிதான். அதற்கு வெள்ளை 5. ராணி இ2 ஆடினால், யோசிக்காமல் இன்னொரு குதிரையை எஃப்6இல் வைத்துவிடாதீர்கள். 6. குதிரை டி6, மேட். இ7 சிப்பாய் குதிரையை வெட்ட முடியாது. அது நகர்ந்தால் ராணியின் பார்வை ராஜா மேல் விழும். ஆறே நகர்வு. இதை ஒருமுறை பார்த்துவிட்டால் வாழ்நாளுக்கும் மறக்காது. அந்த வழியில் காஸ்பரோவுக்கே 1997இல் அடி விழுந்திருக்கிறது. டீப் புளூ கணினியுடன் ஆறாவது, கடைசி ஆட்டம். ஏழாவது நகர்வில் எச்6 ஆடினார், கணினி குதிரையை இ6இல் பலியிட்டது, 19 நகர்வில் ஆட்டம் முடிந்தது. உறுதியான ஓப்பனிங் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஆடலாம் என்று அர்த்தமில்லை. மனதில் வைக்க வேண்டிய ஆபத்துகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, அவ்வளவுதான்.

வெள்ளைக்கும் பொறிகள் இருக்கின்றன. 3. எஃப்3 ஆடுபவர்களை இணையத்தில் அடிக்கடி பார்க்கிறேன். 3...டிஎக்ஸ்இ4 4. எஃப்எக்ஸ்இ4 இ5! இப்போது பேராசைப்பட்டு 5. டிஎக்ஸ்இ5 வெட்டினால் ராணி எச்4இல் செக். 6. ஜி3 என்று தடுத்தால் ராணி இ4 சிப்பாயை வெட்டி மறுபடியும் செக், அதோடு எச்1 யானையும் போய்விடும்.

நடு மட்டம்: ஜெயிப்பது எப்படி?

1500, 1600 தாண்டும்போது கதை மாறத் தொடங்குகிறது. (இணைய ரேட்டிங்கும் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் ரேட்டிங்கும் ஒன்றல்ல, தளத்துக்குத் தளமும் மாறும். எல்லைகளைத் தோராயமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.) இங்கே எதிராளி பத்து நகர்வுக்குள் காயை இலவசமாகத் தருவதில்லை. காரோ-கான் ஆடுபவர்களின் புலம்பலும் இங்கேதான் தொடங்குகிறது: "தோற்பதில்லை, ஆனால் ஜெயிக்கவும் முடியவில்லை." குறிப்பாக வெட்டும் வழி. 3. இஎக்ஸ்டி5 சிஎக்ஸ்டி5 4. பிஷப் டி3, உங்கள் பிஷப் எஃப்5க்கு வர முடியாதபடி ஒரு கதவு சாத்தப்படுகிறது. சமநிலையான, அமைதியான ஆட்டம். பொறுமை இல்லாதவர் ஏதாவது நடக்க வேண்டுமே என்று ராஜா பக்கம் சிப்பாய்களைத் தள்ளித் தானே ஓட்டை போட்டுக்கொள்வார்.

அந்தப் புலம்பலை நான் பாதிதான் ஏற்கிறேன். 1600இல் டிரா ஓப்பனிங் என்று ஒன்று கிடையாது. இந்த மட்டத்தில் யானை எண்ட்கேமை, அதாவது யானைகள் மிஞ்சும் கடைசிக் கட்டத்தை, சரியாக ஆடத் தெரிந்தவர்கள் குறைவு, 35ஆவது நகர்வுக்குப் பிறகு தவறுகள் கொட்டும். திட்டமும் இருக்கிறது: குதிரை சி6, ராணி சி7, பிஷப் ஜி4, அப்புறம் பி-சிப்பாயை பி5, பி4 என்று தள்ளி வெள்ளையின் சி3ஐ உடைப்பது. மெதுவான வேலை. ஆனால் வேலை செய்யும்.

சிசிலியனுக்கு இங்கேதான் உயிர் வருகிறது. எதிராளிகள் டி4 ஆடத் தொடங்குகிறார்கள், நீங்கள் படித்த நிலைகள் கடைசியில் பலகைக்கு வருகின்றன. நடுச் சிப்பாய்கள் உங்களிடம் இரண்டு, அவரிடம் ஒன்று. சி-வரிசை உங்களுக்குத் திறந்திருக்கிறது. அவரிடம் வேகம் இருக்கிறது. ஆட்டம் பத்தாவது நகர்விலேயே சரிசமம் இல்லாமல் போகிறது, அதனால் இரண்டு பக்கமும் ஜெயிக்க ஆடுகிறது.

விலையும் அதற்கேற்ப. டிராகனை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை பிஷப்பை இ3, சிப்பாயை எஃப்3, ராணியை டி2 என்று வைத்து, ராணிப் பக்கம் காஸ்லிங் செய்து, எச்-சிப்பாயை எச்4, எச்5 என்று ஓட்டும். பிறகு பிஷப்பை எச்6க்குக் கொண்டுபோய் உங்கள் ஜி7 பிஷப்பை மாற்றிவிட்டு எச்-வரிசையில் யானையோடு இறங்கும். இதைச் செய்ய வெள்ளைக்கு மேதைமை தேவையில்லை, வரிசை தெரிந்தால் போதும். நீங்களோ ஒவ்வொரு நகர்விலும் எதிர்த்தாக்குதலைச் சரியாகக் கணக்கிட்டாக வேண்டும். ஒரு நகர்வு வீணானால் மேட். 1500இல் டிராகன் ஆடும் ஒருவர் தன் எதிராளியைவிட அதிகமாக வேலை செய்ய வேண்டியிருக்கிறது. இதை எந்தக் கணினி மதிப்பீடும் காட்டாது. கணினிக்கு அந்த நிலை வெள்ளைக்குக் கொஞ்சம் சாதகம், அவ்வளவே.

நேரக் கட்டுப்பாடும் சேர்ந்துகொள்கிறது. மூன்று நிமிட பிளிட்ஸில் காரோ-கானின் முதல் பத்து நகர்வு கிட்டத்தட்ட கை போகிற போக்கில் வரும். சிசிலியனில் அந்தப் பத்து நகர்வுக்குள் ஒரு நிமிடம் கரைந்துவிடும், அந்த ஒரு நிமிடம் கடைசியில் இல்லாமல் போகும்.

மேலே

2000க்கு மேல் எதிராளிக்கும் காரோ-கான் தெரியும். வெட்டும் வழியிலோ, தள்ளும் வழியில் நைஜல் ஷார்ட் பெயரால் அறியப்படும் அமைதியான 4. குதிரை எஃப்3, 5. பிஷப் இ2 வழியிலோ ஆடிச் சின்ன சாதகத்தை நீண்ட நேரம் பிடித்துவைப்பார்கள். கறுப்பில் ஜெயித்தே ஆக வேண்டிய கடைசிச் சுற்று ஆட்டம் என்றால் சிசிலியனின் பக்கம் தட்டு சாய்கிறது. மாஸ்டர்கள் ஆட்டங்களில் 1. இ4க்கு மிக அதிகமாக வரும் பதில் அதுதான். அங்கே மனப்பாடமும் வேறு மாதிரி. 1972இல் ஃபிஷர் ஸ்பாஸ்கிக்கு எதிராக நஜ்தோர்ஃபில் கறுப்பு ராணி பி2 சிப்பாயை வெட்டும் விஷச் சிப்பாய் வழியை இரண்டு முறை ஆடினார். ஏழாவது ஆட்டம் டிரா. பதினொன்றாவதில் ஸ்பாஸ்கி குதிரையைப் புறப்பட்ட இடமான பி1க்கே திரும்பக் கொண்டுபோனார், ஃபிஷரின் ராணி மாட்டியது. தன் வாழ்நாள் ஆயுதத்தில் உலகின் தலைசிறந்த ஆட்டக்காரருக்கே இது நடந்திருக்கிறது.

ஆகவே 1600 வரை காரோ-கான் என்பது என் தெளிவான பரிந்துரை. தாக்குதல் ஆட்டம் ரத்தத்திலேயே இருக்கிறது, தோல்வியைப் பற்றிக் கவலையில்லை, ஆட்டத்துக்குப் பிறகு உட்கார்ந்து அலசும் பழக்கமும் இருக்கிறது என்றால் சிசிலியனை முன்பே தொடங்கலாம். ஆனால் அலாபினுக்கும் மோராவுக்கும் 2. பிஷப் சி4க்கும் பதில் தயாரித்துவிட்டு, அதற்குப் பிறகு நஜ்தோர்ஃபுக்குப் போங்கள். நான் செய்ததற்கு நேர் எதிர் வரிசை. 1...இ5 மூன்றாவது வழி, அடிப்படை கற்க அருமையான வழி. அதற்குத் தனியாகவே எழுத வேண்டும்.

எப்போது மாறுவது என்பதற்கு உங்கள் கடைசி இருபது கறுப்பு ஆட்டங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் முதல் பெரிய தவறு எந்த எண் நகர்வில் வந்தது என்று மட்டும் குறித்துப் பாருங்கள். பன்னிரண்டுக்குள் வந்தால், அது உங்களுடையது என்றால், இன்னும் சிக்கலான ஓப்பனிங்குக்கு நேரமாகவில்லை. முப்பதுக்குப் பிறகுதான் வருகிறது, டிராவாகப் போகும் ஆட்டங்கள் அலுக்கத் தொடங்கிவிட்டன என்றால் சி-சிப்பாயை இன்னொரு கட்டம் தள்ளிப் பார்க்கலாம். அதுவரை படித்ததும் வீணாகாது. காரோ-கானின் வெட்டும் வழியிலும் கறுப்புக்குத் திறந்து கிடைப்பது சி-வரிசைதான். அங்கே சி8இல் யானையை வைத்து சி3ஐ நெருக்கிப் பழகியவருக்கு, சிசிலியனில் அதே யானையைக் கொடுத்து சி3 குதிரையை வெட்டும் அந்தப் புகழ்பெற்ற பலி கண்ணில் படத் தாமதமாகாது.