பெயர் எழுதப் பழக்கும் மரப்பலகை

பிள்ளையின் பெயரைத் தமிழில் குழித்துச் செதுக்கித் தரும் இந்தப் பலகையை, நாகர்கோவில் வடசேரியில் உள்ள ஒரு கடையில் எங்கள் 4 வயது மகள் செல்விக்காகச் சொல்லிச் செய்து வாங்கினோம். 'செ' என்பதை ஒலிக்கும்போது சகரமே முதலில் கேட்பதால், பிள்ளைகள் அதை முதலில் எழுதிவிட்டுக் கொம்புக்கு இடமில்லாமல் திகைப்பதுண்டு. இதில் கொம்பு தொடங்கும் இடத்தில் சிறு புள்ளி வைத்திருப்பதால், விரல் அங்கிருந்தே புறப்படுகிறது. குழியில் விரலை ஓட்டியபின் அதே வரிசையில் தட்டிலுள்ள அரிசியில் எழுதவைத்தோம். விஜயதசமியன்று அரிசியில் ஏடு தொடங்கிப் பழகிய நம் மாவட்டத்தாருக்கு இது புதிதன்று. பென்சிலைப் பிடிக்கும் வலு கைக்கு வருமுன்பே எழுத்தின் போக்கு பிடிபடுவதுதான் இதன் பெரும்பயன். குறையென்றால், 'ல்' மேலுள்ள புள்ளி ஆழமில்லாததால் விரலுக்குத் தட்டுப்படவில்லை. ஓரங்களில் சிராய் இருந்ததால், உப்புத்தாள் தேய்த்த பின்னரே மகளிடம் கொடுத்தோம்.