நாய் நகவெட்டியும் கிரைண்டரும்: புதுச்சேரியில் மூன்று வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

பயன்படுத்தியது இரண்டு நாய்களுக்கு. ஒன்று வெளுத்த நகமுள்ள பீகிள், இன்னொன்று கறுப்பு நகமுள்ள நாட்டு நாய். முன்னங்காலுக்கு ஐந்து, பின்னங்காலுக்கு நாலு என்று ஒவ்வொன்றுக்கும் 18 நகம்.

கடைசியில் நிலைத்தது பிளையர் மாதிரி இருக்கும் நகவெட்டிதான். வளையத்துக்குள் நகத்தை நுழைத்து வெட்டும் வகை பீகிளுக்குப் போதும். நாட்டு நாயின் தடித்த நகத்தை அது நசுக்குகிறது. பிளேடு மழுங்கினால் நகம் நீளவாக்கில் பிளந்தும் போகும். நாய் காலை வெடுக்கென்று இழுத்தால் சதையில் பட்டுவிட்டது என்று பயப்படுகிறோம். பல நேரம் காரணம் அந்த நசுக்கல்தான். நல்ல பிளேடு 'டக்'கென்று ஒரே சத்தத்தில் வெட்டும்.

நம் ஊரில் பிளேடுக்கு எமன் உப்புக் காற்று. அட்டையில் ஸ்டெயின்லெஸ் என்று போட்டிருந்தாலும் ஸ்பிரிங்கும் நடு ஆணியும்தான் முதலில் துருப்பிடிக்கின்றன. வேலை முடிந்ததும் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, மூடி இறுக்கமான டப்பாவில் வைத்தால் உழைக்கிறது. தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்து அழுக்குப் பிடிக்கும்.

வெட்டுவதற்குக் குளிப்பாட்டிய பிறகு உட்காருங்கள். நகம் ஊறி இளகியிருக்கும். எவர்சில்வர் தட்டில் தயிரைத் தடவி முன்னால் வைத்தால் நக்கிக்கொண்டே நிற்கும். காலைப் பக்கவாட்டில் இழுக்காமல், அது இயல்பாக மடங்கும் பக்கமே மடக்குங்கள். கட்டைவிரல் பாத மெத்தையின் கீழே, ஆள்காட்டி விரல் மேலே. லேசாக அழுத்தினால் நகம் வெளியே நீளும். வெளுத்த நகத்தில் உள்ளே ரோஸ் நிறத்தில் தெரிவது ரத்தக்குழாயும் நரம்பும் ஓடும் சதை. அதற்கு 2 மில்லிமீட்டர் முன்னாலேயே நிறுத்த வேண்டும். கறுப்பு நகத்தில் அது தெரியாது. அதனால் ஒரு தடவைக்கு 1 மில்லிமீட்டர் மட்டும் சீவி, வெட்டிய முகத்தைப் பாருங்கள். சுண்ணாம்பு மாதிரி வெளிறி உலர்ந்திருந்தால் இன்னும் சீவலாம். நடுவில் ஈரப்பசையோடு ஒரு கரும்புள்ளி எட்டிப் பார்த்தால் அதோடு விட்டுவிடுங்கள். நகவெட்டியோடு வரும் தடுப்புத் தகட்டை நம்பவே கூடாது. சதையின் நீளம் நகத்துக்கு நகம் மாறும்.

கிரைண்டர் என்பது நகத்தைத் தேய்க்கும் சின்ன மோட்டார் கருவி. அது முனையை மழுக்கத்தான், வெட்டுவதற்கு அல்ல. ஒரு இடத்தில் இரண்டு மூன்று விநாடிக்கு மேல் வைத்தால் சூடேறிச் சுடும். முதல் சில நாள் ஓடவிட்டுச் சத்தத்தை மட்டும் பழக்குங்கள்.

ரத்தம் வந்தால் சோளமாவை (கார்ன்ஃப்ளோர்) நக நுனியில் அழுத்தி ஐந்து நிமிடம் பிடியுங்கள். இடையில் எடுத்துப் பார்க்காதீர்கள். 20 நிமிடம் தாண்டியும் கசிந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள். உண்ணிக் காய்ச்சல் வந்த நாய்க்கு ரத்தத் தட்டணுக்கள் குறைந்து சின்ன வெட்டும் நிற்காமல் போகலாம். நம் பக்கம் உண்ணிக்குப் பஞ்சமில்லை. குரும்பாப்பேட் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகிறவர்கள் நாய் மந்தமாக இருந்ததா, சாப்பாடு குறைந்ததா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பது தரையைப் பொறுத்தது. பீச் ரோடு போன்ற கெட்டித் தரையில் தினமும் நடக்கும் நாய்க்கு நகம் தானே தேயும். கடலூர் சில்வர் பீச் மணலில் ஓடினால் அவ்வளவாகத் தேயாது, மூன்று வாரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். அளவுக்கு மீறி வளர்ந்த நகத்தை ஒரே நாளில் குறைக்க முடியாது, உள்ளே சதையும் கூடவே நீண்டிருக்கும். வாரம் ஒருமுறை நுனியை மட்டும் எடுத்து வந்தால் சதை மெல்லப் பின்வாங்கும்.

முன்னங்காலின் உள்பக்கம், சற்று மேலே இருக்கும் ஐந்தாவது நகம் எந்தத் தரையிலும் படாது. வளைந்து வந்து சதைக்குள்ளேயே குத்தி இறங்கிவிடும். முடி மூடியிருப்பதால் கண்ணுக்குப் படாது, விரலால் தடவித்தான் பார்க்க வேண்டும்.