கும்பகோணத்தில் ராசிக்கல் வாங்கப் போகிறீர்களா? இந்தக் கடையைப் பார்த்துவிட்டுப் போங்கள்

மகாமகக் குளத்திலிருந்து நடந்தே போய்விடலாம். நகைக்கடைகளுக்கு நடுவே இருக்கிற சின்னக் கடை, அப்பாவும் மகனும்தான் நடத்துகிறார்கள். விளம்பரம் வேண்டாம் என்று பெரியவர் சொல்லிவிட்டதால் பெயர் போடவில்லை. கல் பார்க்கிற பெரியவர் கடை என்று கடைத்தெருவில் கேட்டால் கை காட்டுவார்கள்.

நவக்கிரகக் கோயில் எல்லாம் நம்மைச் சுற்றியே இருப்பதால் திருநாகேஸ்வரம் போனால் கோமேதகம், ஆலங்குடி போனால் புஷ்பராகம் என்று வாங்கிப் போட்டுக்கொள்கிற வழக்கம் நம் பக்கத்தில் நிறைய. எங்கள் அத்தையும் அப்படித்தான், வேறு ஊரில் ஒரு கடையில் நல்ல விலை கொடுத்துக் கோமேதகம் வாங்கி வந்தார், அதை மோதிரத்தில் பதிக்கத்தான் முதலில் இங்கே போனோம். பெரியவர் லென்ஸில் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் அத்தையையே பார்க்கச் சொன்னார். உள்ளே உருண்டை உருண்டையாகக் காற்றுக் குமிழி. வெறும் கண்ணாடி! அப்புறம் தன்னிடமிருந்த இலங்கைக் கோமேதகம் ஒன்றை எடுத்து வைத்தார், அதற்குள் வெல்லப்பாகில் தண்ணீர் விட்ட மாதிரி நெளிநெளியாக ஓடுகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்த பிறகு அத்தைக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. அழுதுவிட்டார். அந்த நேரத்தில் சுலபமாக ஒரு புதுக் கல்லை விற்றிருக்கலாம், ஆனால் "வீட்டுக்குப் போய் யோசிச்சுட்டு வாங்கம்மா" என்று அனுப்பிவைத்தார். இதற்காகவே நான் இந்தக் கடையை எல்லோருக்கும் சொல்கிறேன்.

பலன் கேட்டால் ஜோசியரைக் கேளுங்கள் என்பார். கல் என்ன கல், சூடு காட்டியதா, சாயம் ஏற்றியதா, இதை மட்டும் கேட்காமலே சொல்கிறார், பில்லிலும் எழுதித் தருகிறார். நீலக்கல் பெரும்பாலும் நிறம் தெளிவதற்காகச் சூடு காட்டியதுதான், அது தொழிலில் ஏற்றுக்கொண்ட விஷயம், சொல்லி விற்றால் தப்பில்லை. ஆனால் வெடிப்பில் ஈயக் கண்ணாடி நிரப்பிய மாணிக்கத்தை அவர் கடையில் வைப்பதே இல்லை. பார்க்கப் பளபளவென்று இருக்கும், பத்தர் ஊதுகுழல் தீயைக் காட்டினாலோ ஆசிட்டில் போட்டாலோ நிரப்பியது கெட்டு வெடிப்பெல்லாம் வெளியே தெரியும்.

பாட்டியின் கெம்பு, அதாவது மாணிக்கம், பதித்த கம்மலைக் கழுவக் கொடுத்தபோது கல்லுக்குள் வளைந்த கோடுகள் தெரிவதைக் காட்டினார். உருக்கிச் செய்த கல்லாம். வெர்னே என்ற பிரெஞ்சுக்காரர் அந்த முறையை வெளியிட்டது 1902இல், அதனால் பழைய நகை என்றாலே இயற்கைக் கல் என்று நினைத்துவிட முடியாது. அதே அலுமினியம் ஆக்சைடு, அதே குரோமியத்தால் வந்த சிவப்பு, கற்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலிலும் அதே 9. போட்டுக்கொள்ள ஒரு குறையும் இல்லை, இயற்கை மாணிக்கத்தின் விலைதான் கிடைக்காது.

அம்மாவுக்கு ஸ்படிக மாலை இங்கேதான் வாங்கினேன். ஸ்படிகம் கையில் எடுத்தால் சில்லென்று இருக்கும், கண்ணாடி மணி சீக்கிரம் சூடாகிவிடும். பெரிய உருண்டையாக இருந்தால் அதன் வழியே ஒரு முடியைப் பாருங்கள், திருப்பத் திருப்ப ஒரு நிலையில் முடி இரண்டாகத் தெரியும். கண்ணாடியில் தெரியாது. பக்கத்து ஊரான வல்லத்தில் கிடைத்த கல்லைத் தேய்த்துத் தஞ்சாவூரில் மூக்குக் கண்ணாடி செய்த காலம் ஒன்று உண்டு, அதுவும் இதே ஸ்படிகம்தான் என்று அவர் சொல்லும்போது அந்தக் குரலில் இருந்த பெருமை எனக்கும் ஒட்டிக்கொண்டது.

பவழம், முத்து வாங்குகிறவர்கள் அவர் சொல்கிறதைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் சுண்ணாம்புச் சத்து, அமிலம் ஆகாது. அந்த மோதிரத்தோடு புளி கரைக்காதீர்கள், எலுமிச்சை பிழியாதீர்கள், சென்ட்டும் படக்கூடாது. மரகதத்தில் பெரும்பாலும் எண்ணெய் ஏற்றியிருப்பார்கள், அதனால் வெந்நீரில் ஊறவைக்கக் கூடாது.

குறை இல்லாமல் இல்லை. சரக்கு கொஞ்சம்தான், பெரிய புஷ்பராகம், வைரம் என்றால் சொல்லிவைத்துக் காத்திருக்க வேண்டும். விலை உயர்ந்த கல்லுக்கு ஆய்வகச் சான்றிதழ் வாங்கித் தருகிறார், ஆனால் அந்தச் செலவு நம்முடையது. உட்கார இரண்டு நாற்காலி, கூட்டம் இருந்தால் வெளியேதான் நிற்கவேண்டும். பேரம் பேசினால் பெரியவருக்குப் பிடிக்காது, மகன் கொஞ்சம் குறைப்பார். ஆவணி, தை முகூர்த்த நாட்களில் பதிக்கக் கொடுத்தால் சீக்கிரம் கைக்கு வராது, கல்யாணத் தேதி இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.