வோல்ட் எண்ணும் ரம்பத்தின் வலிமையும்: பாம்பன் கரையில் மூன்று பேட்டரி ரம்பங்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் பாம்பன், மண்டபம், இராமேசுவரம் கரைகளில் விசைப்படகுகளின் பழுதுபார்ப்பு வேலை உச்சத்தில் இருக்கும். ஆண்டு முழுவதும் தள்ளிப்போட்ட வேலைகளை எல்லாம் அந்த இரண்டு மாதத்துக்குள் முடித்தாக வேண்டும் என்பதால், படகு கட்டும் ஓடாவிகளுக்கும் அவர்களோடு தச்சு வேலைக்குப் போகும் என் போன்றவர்களுக்கும் ஓய்வே கிடையாது. படகு நிற்கும் இடத்தில் மின் இணைப்பு இருக்காது. ஜெனரேட்டரிலிருந்து இழுத்த வயர் ஈர மணலில் கிடந்து மிதிபடுவதைப் பார்த்துப் பல நாள் மனம் பதறியிருக்கிறேன். ரெசிப்ரோகேட்டிங் சா என்று கடைகளில் சொல்லப்படும், பிளேடு முன்னும் பின்னும் ஓடி அறுக்கும் பேட்டரி ரம்பத்துக்கு நான் மாறியதற்கு அந்தப் பதற்றமே காரணம்.

மாறிய பிறகு எழுந்த கேள்வி, எத்தனை வோல்ட் வாங்குவது என்பது. என்னிடம் இருந்தது 18 வோல்ட். மைத்துனரிடம் 12 வோல்ட் சிறு ரம்பம் ஒன்று இருந்தது. உச்சிப்புளிப் பக்கம் தோப்புகளில் மரம் அறுக்கும் நண்பர் ஒருவர் தமது 36 வோல்ட் ரம்பத்தைச் சில வாரங்களுக்குக் கொடுத்து உதவினார். மூன்றையும் ஒரே வேலைகளில், ஒரே வகைப் பிளேடு மாட்டிப் பயன்படுத்திப் பார்த்த பின் எழுதுவது இது. நிறுவனங்களை ஒப்பிடுவது என் நோக்கம் அன்று. வோல்ட் என்ற எண் உண்மையில் எதைச் சொல்கிறது என்பதைத் தெளிவுபடுத்துவதே நோக்கம்.

பழைய டார்ச் விளக்குகளை நாம் மூன்று கட்டை, ஐந்து கட்டை என்று சொல்வோம் அல்லவா, அதே கணக்குத்தான் இங்கும். லித்தியம் அயான் செல் ஒன்றின் சராசரி மின்னழுத்தம் 3.6 வோல்ட். மூன்று செல்களை வரிசையாக இணைத்தால் 10.8, ஐந்தை இணைத்தால் 18, பத்தை இணைத்தால் 36, பதினைந்தை இணைத்தால் 54. முழுதாகச் சார்ஜ் ஏறிய செல் 4.2 வோல்ட் வரை காட்டும். சுமை ஏற்றியதும் உடனே கீழே இறங்கும். இதனால் ஒரே ஐந்து செல் பேட்டரியை ஒருவர் 18 என்றும், இன்னொருவர் 20 என்றும், வேறொருவர் 21 என்றும் விற்க முடிகிறது. 10.8 வோல்டும் 12 வோல்டும், 36 வோல்டும் 40 வோல்டும் அப்படியே ஒன்றுதான். 54 என்பதும் 60 என்பதும் ஒன்றுதான். 20 வோல்ட் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து அது 18ஐ விட வலிமையானது என்று எண்ணிக் கூடுதல் விலை கொடுத்தவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள்.

இதைவிட மோசமானது, இணையத்தில் மலிவாக விற்கப்படும் சில ரம்பங்களின் மேல் 88, 128 என்றெல்லாம் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பது. எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர் அப்படி ஒன்றை வாங்கி, கருவேல மரத்தில் அது திணறி நிற்கவே என்னிடம் கொண்டுவந்தார். பேட்டரியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஐந்தே செல்கள். ஆகவே, வாங்கும் முன் ஒரு மல்டிமீட்டரைக் கையில் எடுத்துச் செல்லுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். முழுச் சார்ஜில் 21 வோல்ட் காட்டினால் அது 18 வோல்ட் பேட்டரி; மேலே என்ன அச்சிட்டிருந்தாலும் சரி.

இனி வலிமைக்கு வருவோம். வோல்டை ஆம்பியரால் பெருக்கி வருவதே வாட். 18 மி.மீ. குறுக்களவும் 65 மி.மீ. நீளமும் உள்ள, 18650 என்று அழைக்கப்படும் செல்களில் கருவிகளுக்கென்றே செய்யப்படுபவை பல, தொடர்ச்சியாக 20 ஆம்பியர் வரை கொடுக்கக் கூடியவை. அந்தக் கணக்கில் ஒரு செல்லுக்கு 3.6 பெருக்கல் 20, அதாவது 72 வாட். மூன்று செல் உள்ள 12 வோல்ட் பேட்டரி 216 வாட் தரும். ஐந்து செல் மட்டும் உள்ள சிறிய 18 வோல்ட் பேட்டரி 360 வாட் தரும். ஐந்து ஐந்தாக இரண்டு வரிசை, மொத்தம் பத்து செல் உள்ள பெரிய 18 வோல்ட் பேட்டரி 720 வாட் தரும். பத்து செல்லையும் ஒரே வரிசையில் கோத்த 36 வோல்ட் பேட்டரி தருவதும் அதே 720 வாட்தான். சேமிப்பும் அப்படியே: 18 வோல்ட் 5 ஆம்பியர் மணி என்றாலும் 36 வோல்ட் 2.5 ஆம்பியர் மணி என்றாலும் 90 வாட் மணி. டிவால்ட் நிறுவனம் 2016இல் தொடங்கிய பிளெக்ஸ்வோல்ட் வரிசையில் உள்ள ஒரு பேட்டரி இதற்கு நல்ல சான்று. அதே பதினைந்து செல்கள் ஒரு கருவியில் 18 வோல்ட் 9 ஆம்பியர் மணியாகவும், இன்னொன்றில் 54 வோல்ட் 3 ஆம்பியர் மணியாகவும் தாமே இணைப்பை மாற்றிக்கொள்கின்றன. இரண்டு பெருக்கலுக்கும் விடை 162 வாட் மணிதான்.

இந்தக் கணக்கை நான் எங்கள் மூத்த ஓடாவியிடம் விளக்கத் தொடங்கியபோது அவர் பாதியிலேயே மறித்து, "ரெண்டுலயும் பத்துக் கட்டைதான தம்பி, அப்புறம் ஒண்ணு மட்டும் எப்படிக் கூட அறுக்கும்?" என்று கேட்டார். நான் பல நாள் படித்துப் புரிந்துகொண்டதை அவர் ஒரு கேள்வியில் பிடித்துவிட்டார்.

வேலையில் பார்த்ததும் அதற்கு ஒத்தே இருந்தது. முதலில் சீமைக்கருவேலம். பச்சையாக இருக்கும்போதே கட்டியான மரம் அது. கரிமூட்டத்துக்கு அதை அறுப்பவர்களுக்கு அதன் கடினம் தெரியும். கை மணிக்கட்டுப் பருமன் உள்ள கிளைகளை மூன்று ரம்பங்களுமே அறுத்தன. முள் குத்தாமல் உள்ளே கையை நீட்டி அறுப்பதற்கு 12 வோல்ட் ரம்பமே மிக வசதியாக இருந்தது. ஒன்றரைக் கிலோவுக்குள் எடை, ஒற்றைக் கையில் பிடிக்கலாம். தொடைப் பருமன் உள்ள அடிமரத்துக்குப் போனதும் அது தோற்றது. அழுத்தினால் நின்றது, அழுத்தாவிட்டால் பல் மரத்தை வருடியதே தவிர அறுக்கவில்லை. 18 வோல்ட் ரம்பத்தில் முதலில் ஐந்து செல் பேட்டரியைப் போட்டேன். பாதி வரை போய்ச் சுருதி இறங்கியது. இரண்டு முறை கருவி தானே நின்றுகொண்டது. அதே ரம்பத்தில், அதே வெட்டில், பிளேடைக்கூட மாற்றாமல் பத்து செல் பேட்டரியை மாட்டினேன். ஒரே மூச்சில் அடி வரை இறங்கியது. வோல்ட் மாறவில்லை; மாறியது செல்களின் எண்ணிக்கை மட்டுமே. அதன் பின் 36 வோல்ட் ரம்பத்தால் பக்கத்து மரத்தை அறுத்தபோது, சுமையில் வேகம் சற்றுக் குறைவாக இறங்கியது என்பதைத் தவிரப் பெரிய வேறுபாடு எதையும் கை உணரவில்லை.

வோல்டைவிடக் கவனிக்க வேண்டிய இன்னோர் எண், பிளேடு ஒரு முறை எவ்வளவு தூரம் ஓடித் திரும்புகிறது என்பது. பாஷ் நிறுவனத்தின் ஜிஎஸ்ஏ 12வி-14 போன்ற 12 வோல்ட் சிறு ரம்பங்களில் இது ஏறத்தாழ 14 மி.மீ.; வேகம் நிமிடத்துக்கு 3000 முறை. மக்கிட்டாவின் 18 வோல்ட் டிஜேஆர்187, 36 வோல்ட் ஜேஆர்001ஜி இரண்டிலும் ஓட்டம் 32 மி.மீ., உச்ச வேகம் அதே 3000. பல் இழுத்து அறுக்கும் தூரத்தை மட்டும் கணக்கிட்டால், 12 வோல்டில் நிமிடத்துக்கு 42 மீட்டர், மற்ற இரண்டிலும் 96 மீட்டர். 12க்கும் 18க்கும் இடையே கை உணரும் பெரும் வேறுபாட்டில் பாதி இந்த ஓட்ட நீளத்தால் வருவது. குறுகிய ஓட்டத்தில் மரத்தூள் வெட்டுக்குள்ளேயே தங்கிப் பல்லை அடைப்பதும் உண்டு. 18க்கும் 36க்கும் இடையே அப்படி ஓர் இடைவெளி கிடையாது என்பதையும் இதே எண்கள் சொல்கின்றன.

படகு வேலையில் முடிவு வேறு விதமாக வந்தது. நாட்டுக்கருவேல மரத்தில் செய்து ஆணி இறக்கிய பழைய வங்கு (படகின் விலா எலும்பு போன்ற வளைகட்டை) ஒன்றை, பக்கத்துப் பலகை கெடாமல் துண்டு துண்டாக எடுக்க வேண்டியிருந்தது. குனிந்து, ஒரு தோளைப் பலகையில் முட்டுக் கொடுத்து, கை போகாத இடத்தில் நின்று அறுக்கும் வேலை. பேட்டரியோடு ஏறத்தாழ நான்கு கிலோ எடையுள்ள பெரிய ரம்பத்தை அங்கே பிடித்து நிற்பதே பெரும்பாடு. ஆணி வரும் இடத்தில் வேகத்தைக் குறைத்து அழுத்தம் கொடுத்தால் போதும். அங்கே கூடுதல் வாட் எதற்கும் உதவாது. அணியத்தின், அதாவது படகின் முன்பக்கத்தின், அடிப்பகுதியில் 12 வோல்ட் ரம்பமும், மேல் பக்கத்து வேலைக்கு 18 வோல்டும் என்று பிரித்துக்கொண்டோம். 36 வோல்ட் ரம்பம் அந்த இரண்டு நாளும் பெட்டியிலேயே இருந்தது.

அது தன் தகுதியைக் காட்டியது பனையில்தான். முன்பு அடித்த காற்றில் சாய்ந்து காய்ந்து கிடந்த பனைகளைத் துண்டு போட வேண்டியிருந்தது. (நிற்கும் பனையை வெட்டுவதற்குத் தமிழ்நாட்டில் மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்பதை 2021 வேளாண் நிதிநிலை அறிக்கை அறிவித்தது, மறந்து ரம்பத்தோடு கிளம்பிவிட வேண்டாம்.) வைரம் பாய்ந்த வெளிச்சுற்றில் கருநிறச் சிராய்கள் கம்பி போல் இருக்கும், உள்ளே போனதும் சோறு எனப்படும் மென்மையான நடுப்பகுதி பஞ்சாகிப் பல்லை அடைக்கும். நீண்ட பிளேடு போட்டு இடைவிடாமல் அறுக்கும் இந்த வேலையில் 18 வோல்ட் பேட்டரி சீக்கிரமே கைபொறுக்காத அளவு சூடாகி நின்றது. 36 வோல்ட் அதைத் தாண்டியும் ஓடியது. ஆனால் நாள் முழுவதும் பனை துண்டு போடுகிறவருக்குச் செயின் சாவே பொருத்தம். மணலோடு ஒட்டிய தூரை அறுக்கும்போதும், ஆணி இருக்குமோ என்ற ஐயம் உள்ள மரத்திலும் மட்டுமே இந்த ரம்பம் அதைவிட மேல். மணல் பட்டால் செயினின் பல் உடனே மழுங்கிவிடும்.

செல்கள் சமமாக இருந்தும் 36 வோல்ட் ஏன் சூடாவதில் பின்தங்கியது என்பதை நான் வெகுநேரம் யோசித்தேன். ஒரே வாட்டுக்கு அது பாதி ஆம்பியரே இழுக்கிறது. வயரிலும் சுவிட்சிலும் முனைகளிலும் உண்டாகும் சூடு ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் கால் பங்காகக் குறைகிறது. நம் கடற்கரையில் இது சிறிய செய்தி அன்று. உப்புக்காற்றில் பேட்டரி முனைகள் பச்சை பூத்தால் அங்கே மின்தடை கூடிவிடும். கூடிய தடை 0.02 ஓம் என்று வைத்துக்கொண்டால், 40 ஆம்பியர் இழுக்கும் 18 வோல்ட் ரம்பத்தில் 32 வாட் முனையிலேயே சூடாக வீணாகும். 20 ஆம்பியர் இழுக்கும் 36 வோல்டில் 8 வாட். என் 18 வோல்ட் ரம்பத்தின் முனைகளைப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, காண்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்த பின் அதே பனையில் வைத்தபோது, நின்றுபோவது பாதிக்குமேல் குறைந்தது. 36 வோல்டின் மேன்மை என்று நான் எண்ணியதில் ஒரு பகுதி, என் கருவியை நான் பேணாத குறைதான்.

சூடான பேட்டரியை உடனே சார்ஜரில் போட்டால் பெரும்பாலான சார்ஜர்கள் ஏற்காமல் காத்திருக்கும். மே மாத வெயிலில் மணலில் வைத்த பேட்டரி ஆறவே ஆறாது. ஈரமில்லாத சாக்கின்மேல் படகின் நிழலில் வைப்பது நல்லது. ஐஸ் பெட்டிக்குள் வைக்கும் பழக்கத்தை இரண்டு இடங்களில் பார்த்தேன், உள்ளே நீர் கோத்துவிடும் என்பதால் அதைச் செய்யக் கூடாது.

பிளேடில் சிக்கனம் பார்த்தால் எந்த வோல்டும் கைகொடுக்காது. பச்சை மரத்துக்கும் பனைக்கும் அங்குலத்துக்கு 5 அல்லது 6 பல், ஆணி உள்ள மரத்துக்கு 10 பல் கொண்ட பைமெட்டல் (இரு உலோகம் சேர்த்துச் செய்த பிளேடு), இரும்புக் குழாய்க்கு 14க்கு மேல். ரம்பத்தின் முன்தகட்டை மரத்தில் அழுத்திப் பிடிக்காவிட்டால் கருவிதான் ஆடுமே ஒழிய பிளேடு அறுக்காது. மலிவுக் கருவியைக் குறை சொல்லும் பலர் இந்த ஒன்றைத்தான் செய்யத் தவறுகிறார்கள்.

வாங்க நினைப்பவருக்கு என் கருத்து இது. படகு, கதவு, கூரை, தோட்டம் என்று கலந்து வேலை செய்பவர் பிரஷ்லெஸ் (கார்பன் பிரஷ் இல்லாத) மோட்டாரும் 28 மி.மீ.க்குக் குறையாத ஓட்டமும் உள்ள 18 வோல்ட் ரம்பத்தை எடுத்து, மிச்சப் பணத்தைப் பத்து செல் பேட்டரி இரண்டில் போடட்டும். அதே பேட்டரி டிரில்லுக்கும் கிரைண்டருக்கும் ஆகும். 12 வோல்ட், ஏற்கெனவே பெரிய ரம்பம் உள்ளவருக்கு இரண்டாவது கருவியாக அருமையானது. அதை மட்டும் நம்பித் தோப்புக்குள் போக முடியாது. 36 வோல்ட், வேலையே அறுப்பதுதான் என்பவருக்கு மட்டும். அதன் பேட்டரி நம் பக்கத்துக் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. நண்பருக்கு ஒன்று மாற்ற வேண்டி வந்தபோது மதுரையில் சொல்லிவைத்து வரவழைக்க வேண்டியதாயிற்று.

தடைக்காலம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது 36 வோல்ட் ரம்பத்தை, முனைகளைத் துடைத்து, பிளேடில் எண்ணெய் தடவி, உரியவரிடம் சேர்த்துவிட்டேன். என் ஐந்து செல் பேட்டரியை இனி விளக்குக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பத்து செல் பேட்டரி இன்னொன்றுக்குச் சொல்லியிருக்கிறேன்.