அஞ்சனச் சிமிழ்: பதினான்கு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

2011-இல் நடந்த பாகப்பிரிவினையில் இந்தச் செம்புச் சிமிழ் எங்கள் பங்குக்கு வந்தது. எலுமிச்சம்பழ அளவுதான். உள்ளே மை. வீட்டில் ஒருவர் உயிர் பிரியும் நேரத்தில் மூடியைத் திறந்து உதட்டருகே பிடிக்க வேண்டும். அவர் அறிந்ததெல்லாம் மையில் சேர்ந்துவிடும். பிறகு கொழுந்து வெற்றிலையில் நெல்லளவு மை தடவி, விளக்கின் முன் அவர் பெயரைச் சொல்லிக் கேட்டால் பதில் வரும். இரண்டு குடும்பங்கள் இதை என்னிடம் விலைக்குக் கேட்டிருக்கின்றன. அதனால் எழுதுகிறேன்.

இதனால் பலன் இல்லை என்று சொல்ல மாட்டேன். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கடைமடையில் இருக்கிறது எங்கள் நிலம். உப்பேறிய வயலுக்கு என்ன விதைப்பது என்று அப்பாயியைக் கேட்டேன். குழியடிச்சான் என்றார், விளைந்தது. 2018 நவம்பர் 15 பகலில் தாத்தாவைக் கேட்டேன். 1952 புயலைக் கண்ணால் கண்டவர். "காய்க்குலையை இறக்கு, அடிமட்டைகளைக் கழி, மாட்டை அவிழ்த்துவிடு" என்றார். மறுநாள் விடியுமுன் கஜா கரையேறியது. எங்கள் தோப்பில் நாற்பது மரங்களில் பதின்மூன்று நின்றன. பக்கத்துத் தோப்பில் ஒன்றுகூட இல்லை.

ஆனால் தாத்தா 1974-இல் போனவர். வைகாசி முடிவதற்குள் மேட்டூர் திறந்துவிடும் என்பதே அவர் கணக்கு. 2012 முதல் 2019 வரை ஓராண்டுகூட ஜூன் 12-இல் அணை திறக்கப்படவில்லை. ஆண்டுதோறும் கேட்டேன், ஆண்டுதோறும் குறுவைக்கு நாற்றங்காலை உழச் சொன்னார். அவர் பேச்சைக் கேட்டு இரண்டு முறை நாற்றைக் கருகவிட்டேன். ஆடுதுறை 27 நெல்லைப் பற்றி மணிக்கணக்கில் சொல்வார். அவர் போன பிறகு வந்த ஆடுதுறை 43 என்றால் வெற்றிலை வெறும் கருப்பாகவே இருக்கும். அணை திறக்கவில்லை என்பதை அவரிடம் சொல்லியும் பார்த்தேன். மையில் எதுவும் புதிதாக ஏறாது.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சாவு வருவதற்குச் சில நாட்கள் முன்பே சிமிழ் சுடத் தொடங்கும். சித்தப்பா மருத்துவமனையில் கிடந்தபோது, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்பதற்கு முன், "சிமிழை எடுத்து வந்தாயா?" என்று என்னிடம் கேட்டார்கள். கட்டிலில் இருந்தவருக்குக் காது நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் யாரிடமும் சொன்னதில்லை.

பிள்ளை பெற்றவர்களுக்கு மருந்து கிளறுவதில் அத்தையை மிஞ்ச ஆள் இல்லை. மருமகள்கள் கேட்டால், "இப்போது எதற்கு? அப்புறம் மையில் கேட்டுக்கொள்ளுங்கள்" என்பார். அவர்களும் விட்டுவிட்டார்கள். அத்தை போன பிறகு கேட்டோம். சுக்கு, திப்பிலி, கண்டதிப்பிலி, சித்தரத்தை, ஓமம், கருப்பட்டி என்று ஒன்றையும் விடவில்லை. சுக்கு எவ்வளவு என்றோம். ஒரு பிடி என்றது. யாருடைய பிடி? அந்தக் கையை ஐந்து நாட்களுக்கு முன்புதான் எரித்திருந்தோம். மருந்து மூன்று முறை கிளறியும் கசந்தது.

சிமிழ் வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் உயிரோடிருப்பவர்களிடம் யாரும் எதையும் கேட்டுக்கொள்வதில்லை. கேட்பதற்கு அவசரம் இல்லாமல் போய்விட்டது. தாத்தாவிடம் பேசிய நேரத்தில் பாதியைக்கூட நான் அம்மாவிடம் பேசியதில்லை.

விலைக்குக் கேட்டவர்களுக்குக் கொடுக்க மாட்டேன். வேறு எங்கு கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

இந்தத் தையில் சிமிழ் மறுபடி சுடத் தொடங்கியிருக்கிறது. குதிருக்குள் நெல்லுக்கடியில் புதைத்துவிட்டேன். மேலே கை வைத்தால் நெல் வெதுவெதுப்பாக இருக்கிறது. அம்மாவுக்கு எழுபத்தொன்பது வயது. அத்தையின் மருந்து அவருக்கும் தெரியும் என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். இளைப்பினால் நிறுத்தி நிறுத்திப் பேசுகிறார். நேற்றுச் சுக்கை ஒரு பிடி அள்ளச் சொல்லி, மளிகைக் கடைத் தராசில் நிறுத்தேன். 45 கிராம். நோட்டில் எழுதியிருக்கிறேன். இன்று திப்பிலி.