சோப்புக்கு எண்ணெய் உருக்க எந்த அடுப்பு? ஒரு நாகர்கோவில் சமையலறை அனுபவம்

வீட்டில் சோப்பு போட ஆரம்பிக்கிறவர்கள் முதலில் கேட்பது, எது சீக்கிரம் உருக்கும் என்றுதான். நான் சில வருடங்களாக நாகர்கோவிலில் குளிர் முறையில் (கலவையை அடுப்பில் காய்ச்சாமல்) சோப்பு போடுகிறேன். என்னைக் கேட்டால், நம்ம ஊரில் எண்ணெயை உருக்குவது ஒரு வேலையே இல்லை. சூடேறின எண்ணெயை ஆற வைப்பதுதான் பாடு.

தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே போனால்தான் உறையும். இங்கே மார்கழி விடியற்காலையில் குப்பியின் அடியில் வெள்ளையாகக் கொஞ்சம் திரளும். வெயில் ஏறினால் தானே இளகிவிடும். மற்ற மாதங்களில் செக்கிலிருந்து கொண்டுவந்ததை அப்படியே ஊற்றலாம். உருக்க வேண்டியது கோகம், ஷியா, கோகோ வெண்ணெய் போன்ற கட்டிகள் மட்டும்தான். அவையும் 40 டிகிரியை ஒட்டி உருகிவிடும்.

எண்ணெயும் காரக் கரைசலும் (காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீர்) 35 முதல் 45 டிகிரிக்குள் சேர்ந்தால் எனக்குத் தோதாக இருக்கிறது. சித்திரை, வைகாசியில் சமையலறையே 33, 34 டிகிரி. அந்த வெக்கையில் 75 வரை ஏறிப்போன எண்ணெய் இறங்குவதற்குள் பாதி மதியம் போய்விடும். பொறுமையில்லாமல் சூட்டோடு கலந்தால் டிரேஸ், அதாவது கலவை கெட்டிப்படத் தொடங்கும் பதம், சட்டென்று வந்துவிடும். வாசனைக்குக் கிராம்பு எண்ணெய் வேறு விட்டால் அச்சில் ஊற்றக்கூட நேரம் தராமல் இறுகும். நம்ம மாவட்டக் கிராம்புக்குப் புவிசார் குறியீடு எல்லாம் உண்டு, ஆனால் சோப்பில் அது செய்கிற சேட்டை தனி.

முதலில் கேஸ் அடுப்பு. பாத்திரத்தை நேரே தீயில் வைத்தால், சிம்மில் வைத்தாலும் அடியில் சூடு கூடும். மேலே கட்டி மிதந்துகொண்டிருக்கும், அடியில் எண்ணெய் 80ஐத் தாண்டியிருக்கும். தீயை அணைத்த பிறகும் அடிச்சூட்டில் இன்னும் கொஞ்சம் ஏறும்.

இன்டக்ஷனை ஒரு காலம் நிறையவே பயன்படுத்தினேன். தீ இல்லை, துடைப்பது எளிது. ஆனால் பல மாடல்களில் குறைந்த வாட் என்றால் சூடு குறைவாக வருகிறது என்று அர்த்தமில்லை. கொஞ்ச நேரம் பலமாக வேலை செய்யும், பிறகு நிற்கும், மறுபடி தொடங்கும். மெல்லிய அடியுள்ள எவர்சில்வர் பாத்திரத்துக்கு அது ஆகாது, அடி கனமான பாத்திரம் வேண்டும். அதோடு எல்லா எவர்சில்வரும் இன்டக்ஷனில் சூடாகாது. ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தைப் பாத்திரத்தின் அடியில் வைத்துப் பாருங்கள், ஒட்டினால் சரி. மார்த்தாண்டத்தில் சோப்பு போடுகிற ஒரு தங்கச்சி போனில் கேட்டாள், "எக்கா, இதுக்குன்னு ஒரு இன்டக்ஷன் வாங்கவா?" "வீட்டுல இருந்தா வச்சுக்க. இதுக்குன்னு வாங்காண்டாம்" என்றேன். காற்றும் மழையுமான நாளில் எப்போது கரண்ட் போகும் என்று சொல்ல முடியாது, ரெண்டு பருவமழையும் நமக்கு உண்டே.

மைக்ரோவேவ், நூறு கிராம் கட்டிக்குப் பரவாயில்லை. அரை நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்திக் கிளற வேண்டும். அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

இப்போது நிலையாக இருப்பது தண்ணீர்ச் சூடு. பழைய சருவத்தில் நாலு விரல் தண்ணீர் கொதிக்க வைத்து, கேஸை அணைத்துவிட்டு, அதற்குள் எண்ணெய்ப் பாத்திரத்தை இறக்கி வைக்கிறேன். வெளிப் பாத்திரம் அலுமினியமாக இருந்தாலும் பரவாயில்லை, அதில் தண்ணீர் மட்டும்தானே. காரக் கரைசல் படுகிற பாத்திரம் அலுமினியமாக இருக்கவே கூடாது, அரித்து ஹைட்ரஜன் வாயு கிளம்பும். கோகம் கட்டியின் ஓரம் முதலில் கண்ணாடி போலத் தெளியும், நடுவில் வெள்ளை சுருங்கிக்கொண்டே வரும். நகத்தளவு மிஞ்சும்போதே பாத்திரத்தை வெளியே எடுத்துவிடுவேன், மீதி தானே கரையும். அப்போது குச்சித் தெர்மாமீட்டரை விட்டால் பெரும்பாலும் 50க்குள் நிற்கும். துப்பாக்கி மாதிரி நீட்டிப் பார்க்கிற தெர்மாமீட்டர் மேற்பரப்பைத்தான் காட்டும், கிளறாமல் அதை நம்பாதீர்கள். ஆவியில் ரெண்டு சொட்டுத் தண்ணீர் எண்ணெயில் விழுந்தால் சோப்புக்கு ஒன்றும் குடிமுழுகாது. லிப் பாமுக்கு அது ஆகாது.

கட்டி மொத்த எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் அடுப்பே வேண்டாம். காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் போட்டால் (தண்ணீரை அதன்மேல் ஊற்றக் கூடாது) கரைசல் தானே 80, 90 டிகிரிக்கு ஏறும். அது 70க்கு இறங்கியதும் சீவி வைத்த கோகத்தின்மேல் மெதுவாக ஊற்றிக் கிளறி, கரைந்தபின் மற்ற எண்ணெய்களைச் சேர்ப்பேன். வெயில் காலத்தில் கலவை 45ஐ ஒட்டி வந்து நிற்கிறது. சூடான காரம் கையாளுகிற வேலை இது. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் செய்யாதீர்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வழி தேன்மெழுகுக்கும், சோப்பு கெட்டியாகச் சேர்க்கும் ஸ்டியரிக் ஆசிடுக்கும் சரிவராது. மெழுகு உருக 62 டிகிரிக்கு மேல் வேண்டும், ஸ்டியரிக்குக் கிட்டத்தட்ட 70. கலவை ஆறும்போது அவை திரும்பக் கட்டிப்பட்டு, டிரேஸ் வந்த மாதிரி ஏமாற்றும். அதை நம்பி ஊற்றினால் சோப்புக்குள் காரம் தனியே நின்றுவிடும். அவை சேர்க்கிற அன்றைக்கு மட்டும் சருவத்தின் அடியில் சிறு தீயை விட்டுவைக்கிறேன், எண்ணெயையும் 50க்குக் கீழே இறங்க விடுவதில்லை. கிராம்பையும் அன்றைக்குத் தொடுவதில்லை.