ரூபுனுனி ஆத்துக்கரை மகுஷி ஊர் – ஏஜென்சி இல்லாம தனியா போறவங்களுக்கு

காரைக்குடியிலேருந்து தென் அமெரிக்காவுல இருக்கிற கயானாவான்னு கேக்காதீங்க, அதோட தலைநகர் ஜார்ஜ்டவுன்ல வேலை பாக்குற மச்சான பாக்கப் போனேன், அப்படியே தெக்க ரூபுனுனி ஆத்துப் பக்கம் மகுஷிங்கிற பழங்குடி மக்களோட ஊர் ஒண்ணுல, ஊர்க்காரங்களே நடத்துற கெஸ்ட் ஹவுஸ்ல தங்கிட்டு வந்தேன். ஊர் பேர வேணும்னேதான் போடல. இருக்கிறதே கொஞ்சம் ரூம், போட்டா நாளைக்கே எவனாவது பையத் தூக்கிட்டு சொல்லாம கொள்ளாம போய் நிப்பான்.

அது அங்க ஆகாது. 2006-ல வந்த அமெரிந்தியர், அதாவது அங்க உள்ள பழங்குடி மக்கள், சட்டப்படி அவங்க ஊர் நிலத்துல கால் வைக்க ஊர் கவுன்சில் அனுமதி வேணும். தோஷாவ்னு ஒரு தலைவர், ஊரே ஓட்டுப் போட்டு எடுக்கிறது, அவருக்கு முன்கூட்டியே சொல்லிட்டுத்தான் கிளம்பணும். இதுக்கெல்லாமா பர்மிஷன்னு சிலர் கடுப்பாகலாம். நம்ம பக்கம் கேட் தொறந்து கெடக்குன்னு வீட்டுக்குள்ள வளவு வரைக்கும் கேமராவோட வந்து நின்னு, "ஆச்சி, கொஞ்சம் நகருங்க"ன்னு சொல்ற ஆளுங்களப் பாத்து வளந்த எனக்கு அந்த ரூல் ரொம்பப் பிடிச்சிருந்துச்சு.

போற வழி சிரமம்தான். ஜார்ஜ்டவுன்லேருந்து பிரேசில் எல்லையோர டவுன் லெத்தம் போற மினிபஸ் ராத்திரி முழுக்க செம்மண் ரோட்டுல தூக்கிப் போட்டு, குருபுகாரில எஸகீபோ ஆத்தத் தாண்ட வண்டிய ஏத்திட்டுப் போற மிதவைக்காக (பாண்ட்டூன்) விடியிற வரைக்கும் நிக்குது. காசு இருந்தா குட்டி பிளேன்ல போயிடுங்க, இடுப்பு தப்பிக்கும்.

சாப்பாட்டுக்கு முழு மார்க். எல்லாமே மரவள்ளிதான், ஆனா அங்க உள்ள கசப்பு ரகத்துல சயனைடு இருக்கு, அப்படியே திங்க முடியாது. துருவி, மாட்டப்பின்னு நீளமா ஓலையில பின்னுன குழாய்க்குள்ள திணிச்சு தொங்கவிட்டு, கீழ ஒரு கம்ப மாட்டி அந்த அம்மா அதுமேலயே உக்காந்துட்டாங்க, குண்டா இருந்த குழாய் இழுபட்டு ஒல்லியாகி சாறு சொட்டு சொட்டா சட்டியில விழுது. மாவு ரொட்டியாகுது, சாறு கொதிச்சு கொதிச்சு கன்னங்கரேல்னு காசரீப் ஆகுது, அதப் போட்டு வைக்கிற கறிக்குழம்புதான் பெப்பர்பாட். காரம் நமக்குப் பத்தும். சைவக்காரங்க மட்டும் கொஞ்சம் யோசிங்க, பருப்பு ஊறுகாய் கொண்டு போறது நல்லது.

போட்டுல கூட்டிட்டுப் போற அண்ணன் ஒரு குட்டை ஓரமா மோட்டார ஆஃப் பண்ணிட்டு பேசாம உக்காந்துட்டார். அரபைமா 3 மீட்டர் வரைக்கும் வளர்ற மீன், காத்து குடிக்க மேல வந்தே ஆகணும். திடீர்னு ஒரு சத்தம், செவப்பு செதிலோட முதுகு, அவ்வளவுதான், என் போட்டோவுல தண்ணி மட்டும்தான் இருக்கு.

குறைன்னா, போட் பெட்ரோல் காசு தனி, அத முதல்லயே தெளிவா சொல்லல, தனி ஆளா போனா முழுசும் நம்ம தலையில. ரெண்டு மூணு பேரா போனா கட்டுப்படியாகும். ஊருக்குள்ள ஏடிஎம் கிடையாது, பணமா கொண்டு போங்க. காபூரான்னு ஒரு கடிக்கிற குட்டி ஈ கால பதம் பாத்துடும், முழு பேண்ட் போடுங்க. மே டு ஆகஸ்ட் மழை, சவன்னா புல்வெளி முழுக்க தண்ணி.

முக்கியமா மஞ்சள் காய்ச்சல் ஊசி, கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போடுறாங்க, கிளம்ப 10 நாளைக்கு முன்னாடியே போட்டுடணும், கார்டு இல்லன்னா திரும்பி வர்றப்ப நம்ம ஏர்போர்ட்லயே தனியா உக்கார வச்சிடுவாங்க. 5-க்கு 4, அந்த ஒண்ணு பெட்ரோலுக்கு.